சுவருக்கு அந்தப் பக்கத்துத் திப்பி

வெள்ளக்கரட்டில் அம்சவேணியின் களத்தில் கொட்டிக் கிடந்த திப்பி ஒருநாள் விடியற்காலையில் தானாக எழுந்து ஒரு ஜோடிச் செருப்பாகி நின்றபோது, சுவருக்கு இந்தப் பக்கம் தன் களத்தில் தன் திப்பியைப் பலகையால் தள்ளிக் காயப்போட்டுக்கொண்டிருந்த தங்காயிக்கு ஆச்சரியம் வரவில்லை, பயம் வரவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றவில்லை; வயிறுதான் எரிந்தது. "அதெப்படி, அவ திப்பி மட்டும் எந்திரிக்கும், என் திப்பி படுத்தே கெடக்கும்?" என்று வாய்விட்டே கேட்டாள். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

திப்பி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோலுரித்து, கழுவி, அரைத்து, பாலைப் பிழிந்து, பாலைத் தொட்டியில் தேக்கித் தெளியவைத்து, அடியில் படிந்த மாவை உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. அது பாயசத்துக்குப் போகும், வடாமுக்குப் போகும், லாரியேறி வடக்கே விரதம் இருக்கிறவர்கள் வயிற்றுக்கும் போகும். பிழிந்தபின் மிஞ்சுகிற நாரும் சக்கையும்தான் திப்பி. அதோடு மலைமலையாகத் தோலும், வாய்க்கால் நிறையப் புளித்த தண்ணீரும் மிஞ்சும். ஜவ்வரிசி ஊரைவிட்டுப் போய்விடும், நாற்றம் ஊரிலேயே இருக்கும். வெள்ளக்கரட்டுப் பையனுக்குப் பெண் கேட்டுப் போனால், "அந்த நாத்தத்துல உக்காந்து எம்புள்ள எப்படிங்க சோறு திங்கும்?" என்று காபியைக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

அந்த ஊரில்தான் அண்ணன் தம்பி இருவருக்கு அப்பன் விட்டுப்போன ஆலை ஒன்று, பாகம் பிரித்தபோது நடுக்களத்தில் சுவர் எழும்பி, இரண்டு ஆலையானது. அண்ணன் அர்த்தனாரிக்குப் பழைய மெஷினும் மேட்டுக் களமும், தம்பி வையாபுரிக்குக் கிணறும் பள்ளக் களமும். அண்ணன் பெண்டாட்டி தங்காயி, தம்பி பெண்டாட்டி அம்சவேணி. கிணறு அந்தப் பக்கம் போன அன்றைக்குத் தங்காயியின் வயிற்றில் பற்றிய நெருப்பு அதன்பிறகு அணையவே இல்லை. அதற்கு அவள் வேளாவேளைக்கு விறகு போட்டுக்கொண்டே இருந்தாள். வையாபுரி வடக்கே நாக்பூர், இந்தூர் என்று சுற்றிச் சரக்கு விற்றான், அம்சவேணிக்கு மாடி வீடு வந்தது, ஒரு விறகு. மாடிக்கு வெளியே வளைந்து ஏறும் படிக்கட்டு வந்தது, இன்னொரு விறகு. கார் வந்தது, அன்றைக்குத் தங்காயி சோறே தின்னவில்லை.

அர்த்தனாரி எங்கேயும் போகிற ஆள் இல்லை. மெஷின் ஓடினால் ஓட்டுவார், நின்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வெயில் சாய்ந்ததும் மொபெட்டை உதைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் டீக்கடைக்குப் போய், தான் ஒரு டீ குடித்துவிட்டு, பெண்டாட்டிக்கு ஒரு டீயைத் தூக்குப்போசியில், கைப்பிடி வைத்த சின்னத் தூக்குப் பாத்திரத்தில், வாங்கிக்கொண்டு வருவார். போசி ஒருமுறை மொபெட்டிலிருந்து விழுந்து ஒரு பக்கம் நசுங்கியது, மூடி தொலைந்து வேறு எதனுடைய மூடியோ அதன்மேல் உட்கார்ந்திருந்தது. வழியில் எதிரே வருகிறவர்களிடமெல்லாம் நின்று மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு அவர் வந்து சேர்வதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

"வந்துட்டாரு மகராசன். ஏனுங்க, வீட்டுல டீத்தூள் இல்லாமயா கெடக்குது? இந்தப் பச்சத்தண்ணிய வாங்கிட்டு வாறதுக்கு ஒரு வண்டி, அதுக்கு ஒரு பெட்ரோலு!"

"கடை டீன்னா உனக்குப் புடிக்குமேன்னு" என்பார் அர்த்தனாரி.

தங்காயி பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் சுவரோரத்தில் விசிறி ஊற்றுவாள். மாவு படிந்து வெளுத்த அந்தத் தரையில் சுவரடி மட்டும் எப்போதும் பழுப்பாக இருக்கும்.

சரி, செருப்புக்கு வருவோம். அது குஞ்சாயியின் செருப்பு. குஞ்சாயி அம்சவேணியின் ஆலையில் தோலுரிக்கிறவள், கொதிக்கிற களத்தில் வெறுங்காலோடு நடந்து நடந்து பாதம் வெடித்தவள். செருப்பைப் பார்த்ததும் காலை நுழைத்தாள்.

"அளவு சரியா இருக்குதாடி?" என்று அம்சவேணி கேட்டாள்.

"இடது காலு கொஞ்சம் புடிக்குதுங்க்கா. போட்டு நடந்தாச் சரியாயிரும்."

அவ்வளவுதான் பேச்சு. இருவரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். மறுநாள் ஒரு முறம் எழுந்தது, அதற்கு மறுநாள் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கடுக்காக எழுந்தன, பிறகு நாற்றுப் பைகள், பிறகு சட்டைப் பித்தான்கள், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பலகை, தொட்டில் இல்லாத வீட்டுக்குத் தொட்டில், ஊன்றுகோல் உடைந்தவருக்கு ஊன்றுகோல். யாருக்கு எது இல்லையோ அது எழுந்தது, கேட்டவர்களுக்குத்தான் என்றில்லை, கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கும் எழுந்தது. தேர்தலில் நிற்க ஆசைப்பட்ட வேம்பணன் ஒரு நாற்காலி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டார். அவருக்கு முக்காலிதான் எழுந்தது. அதில் உட்கார்ந்துதான் இப்போது பால் கறக்கிறார்.

கல்யாணப் பந்தியில் அந்தத் தட்டில் சோறு போட்டார்கள். தின்று முடித்ததும் தட்டை மாட்டுக்குப் போட்டார்கள், மாடு தட்டைத் தின்று சாணி போட்டது, சாணி குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போனது, கிழங்கு ஆலைக்கு வந்தது, ஆலையிலிருந்து திப்பி, திப்பியிலிருந்து தட்டு. "குப்பைன்னு ஒண்ணு ஊர்ல இல்லாமலே போயிருச்சே, இனி நாங்க எதைக் கூட்டறது?" என்று கூட்டுகிற பெண்கள் விளக்குமாற்றோடு வந்து சண்டை பிடித்தார்கள், அவர்களுக்கு நாற்றங்காலில் வேலை கொடுத்து அனுப்பினார்கள். புளித்த தண்ணீரையும் திப்பியே குடித்துவிட்டதால் ஓடையில் தண்ணீர் தெளிந்தது, நாற்றம் போனது, தலை நரைக்கத் தொடங்கியிருந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே ஆவணியில் பெண் கிடைத்தது.

மாரியம்மன் கோயில் பூசாரிக்குத்தான் சந்தேகம். சக்கையிலிருந்து எழுந்த தாம்பாளத்தை அம்மனுக்கு வைக்கலாமா கூடாதா என்று கோயில் கமிட்டி கூடிப் பேசி, கிழங்கும் மண்ணிலிருந்து வருகிறது, அம்மனும் மண்ணிலிருந்துதான் வந்தாள், அதனால் வைக்கலாம், ஆனால் பொங்கல் வைக்க மட்டும் பித்தளைதான் என்று முடிவு செய்தார்கள். ஜில்லாவிலிருந்து நாற்றத்தை அளக்கக் கருவியோடு வந்த அதிகாரிக்கு அளக்க நாற்றம் கிடைக்கவில்லை, வெயிலுக்கு ஒரு தொப்பி கிடைத்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எந்தப் பிரிவுலங்க எழுதறது?" என்று அம்சவேணியையே கேட்டார். தெரியலைங்க என்றாள் அவள். போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்சவேணி எதையும் ஒளித்து வைக்கவில்லை. உறைமோர் மாதிரிதான், நேற்றைய திப்பியில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்து இன்றைக்குப் போடுகிறேன் என்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு போசியில் போட்டுக் கொடுத்தாள். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அந்த ஊரில் இல்லை. ஒரு கல் உப்போ ஒரு துண்டு வெல்லமோ போட்டுத்தான் கொடுப்பார்கள். உறைக்கு என்ன போடுவது? சிப்ஸ் கடை மாதையன் வாழைக்காய்த் தோலைப் போட்டுக் கொடுத்தான், புளி தட்டுகிற பெண்கள் கொட்டையைப் போட்டார்கள், மீன்கடைக்காரி செதிலைப் போட்டாள், மாவு மில்லில் தவிட்டைப் போட்டார்கள். எல்லார் வீட்டுச் சக்கையும் அம்சவேணியின் உறைச்சட்டிக்குள் போனது, அம்சவேணியின் உறை எல்லார் வீட்டுக்கும் போனது. மாதையன் கடைவாசலில் வாழைநார்ப் பாய் எழுந்தது, மீன்கடையில் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக ஒரு பலகை எழுந்தது. ஊரே எழுந்து உட்கார்ந்திருந்தது, தங்காயி களத்தைத் தவிர.

"அக்கா, ஒரு கை உறை கொண்டுபோங்களேன்" என்று அம்சவேணி சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பாள்.

"எங்க திப்பியத் திங்க எங்க மாடுக இருக்குது. நீ உன்னோடதப் பாரு சாமி."

"வாங்கிக்கலாமே தங்காயி" என்று அர்த்தனாரி மெல்ல இழுத்தால், "ஏன், அவகிட்டப் போயிக் கையேந்தோணுமா? உங்க தம்பியாட்டம் நீங்க நாலு ஊரு போயிச் சம்பாரிச்சா நான் ஏன் அவ சுவத்தைப் பாத்துட்டு நிக்கறேன்?" என்று பாய்வாள். அவர் டீ வாங்கப் போய்விடுவார்.

வாங்க மாட்டேன் என்றாளே தவிர, பார்க்காமல் இருந்தாளா? விடிந்தால் சுவரோரம் செங்கல்லைப் போட்டு ஏறி நிற்பாள். என்ன எழுந்தது, யார் வந்தார்கள், யார் அம்சவேணியைக் கும்பிட்டார்கள், எத்தனை பல் தெரிய அவள் சிரித்தாள், எல்லாம் பார்ப்பாள். அப்படிப் பார்க்கையில்தான் ஒன்று கண்ணில் பட்டது. அம்சவேணி காலையில் ஆள்காரர்கள் வருவதற்கு முன்னால் தனியாகக் களத்துக்கு வருவாள், சுவரையொட்டி நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய மூலைக்குள் குனிந்து நுழைவாள், கொஞ்சநேரம் கழித்துக் கையில் எதையோ நொறுக்கிக்கொண்டு வந்து உறைச்சட்டியில் போடுவாள், முகத்தை முந்தானையால் துடைத்துக்கொள்வாள். பிறகுதான் சிரிப்பெல்லாம். தங்கம்தான் எழுகிறது என்று தங்காயி முடிவுகட்டினாள். ஊருக்குச் செருப்பும் முறமும் காட்டிவிட்டுத் தனக்குத் தங்கம் எடுத்துக்கொள்கிறாள், அமுக்கி. அன்றிலிருந்து தங்காயிக்குத் தூக்கமும் போனது.

மாரியம்மன் பண்டிகையில் தீமிதி. ஊரே கோயிலில் இருந்தது, அம்சவேணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள், தங்காயி தலைவலி என்று வீட்டில் இருந்தாள். உச்சிவெயிலில் தாரை தப்பட்டைச் சத்தம் அங்கே கேட்கக் கேட்க, இங்கே அவள் தாழ் போடாத கேட்டைத் திறந்துகொண்டு அந்தப் பக்கக் களத்துக்குள் போனாள். பாகம் பிரித்ததிலிருந்து அவள் மிதிக்காத மண். உறைச்சட்டி நிழலில் இருந்தது. ஒரு கைப்பிடி அள்ளி முந்தானையில் முடிந்தாள். சட்டியில் எதையும் போடவில்லை. திருட வந்தவள் வெல்லத் துண்டோடா வருவாள்? தார்ப்பாயையும் தூக்கிப் பார்த்துவிடலாம் என்று கை நீட்டியபோது தப்பட்டைச் சத்தம் நின்றது, கூட்டம் கலைகிற அரவம் கேட்டது. ஓடி வந்துவிட்டாள். உறையைத் தன் திப்பிக் குவியலின் நடுவில் வைத்துத் தண்ணீர் தெளித்து, "எந்திரிடா சாமி, எனக்கும் எந்திரி" என்று சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது.

எழுந்தது. விடிந்து பார்த்தால் களமே தெரியவில்லை. வாசலுக்கு நேர் எதிரே அம்சவேணியின் வளைவுப் படிக்கட்டு வெள்ளை வெளேரென்று எதிலும் சாயாமல் ஏறி ஆகாயத்தில் முடிந்தது. அதன் அடியில் அம்சவேணியின் கார், அதன் பக்கத்தில் கிணறு, ராட்டினத்தோடு. அதைத் தாண்டி அம்சவேணியே இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள், இன்னொரு அம்சவேணி பூ வைத்துக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி சும்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் போகப் போக மற்றவர்களின் பொருட்கள். அக்காவின் கல்யாணத்துச் சேலை மடிப்பு, பக்கத்துத் தெருக்காரியின் கிரைண்டர், எதிர்வீட்டுக் காங்கேயம் மாடு, கூடப் படித்த யாரோ ஒருத்தியின் முழங்கால் வரை தொங்கிய சடை, சின்ன வயதில் ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் பார்த்த சிவப்புப் பாவாடை, சிவப்பு இல்லாமல் வெள்ளையாக. பிறந்ததிலிருந்து தங்காயியின் வயிறு எதையெதைப் பார்த்து எரிந்ததோ அத்தனையும், ஒன்று விடாமல், அவள் களத்தில் வரிசைகட்டி நின்றது.

எதுவும் எதற்கும் ஆகவில்லை. கிரைண்டர் சுற்றவில்லை, படிக்கட்டு எங்கும் போகவில்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, திப்பி தின்கிற அவள் வீட்டு மாடுகூட வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சம்மட்டியால் அடித்தும் உடையவில்லை. காயப்போட இடம் இல்லாமல் ஆலையை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஊர் திரண்டு வந்தது. தங்காயி கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள், மானம் போயிற்று என்று நினைத்தாள், காறித் துப்பப் போகிறார்கள் என்று காத்திருந்தாள். ஆனால் ஜனங்கள் திருவிழாக் கடைக்கு வந்ததுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "ஏ, இது எங்கூட்டுக் கிரைண்டருடி! கைப்புடி ஒடஞ்சது வரைக்கும் அப்படியே இருக்குது!" என்று பக்கத்துத் தெருக்காரி கத்தினாள், அவள் முகத்தில் கோபம் இல்லை, தன் பேர் கல்வெட்டில் இருப்பதைப் பார்த்தவள் மாதிரி பூரித்துப்போனாள். மாட்டுக்காரர் மாட்டோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். தங்கள் வீட்டுச் சாமான் ஏதாவது நிற்கிறதா என்று தேடிக்கொண்டு வெளியூரிலிருந்து சொந்தபந்தங்கள் வந்தார்கள், இருந்தவர்கள் பெருமையோடு போனார்கள், இல்லாதவர்கள் மனத்தாங்கலோடு போனார்கள். குஞ்சாயி மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "ஏனுங்க்கா, எங்கூட்டுல ஒரு சாமான்கூடவா உங்க கண்ணுக்கு நல்லாப் படலை?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் போனபின் அர்த்தனாரி களத்தில் இறங்கினார். பின்னால் கைகட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். தம்பியின் கார், தம்பியின் படிக்கட்டு, தம்பியின் கிணறு. தன்னுடையது ஏதாவது நிற்கிறதா என்று தேடுகிறவர் போலக் கடைசி வரைக்கும் போனார், பாவாடையையும் சடையையும் தாண்டிப் போனார், திரும்பி வந்தார்.

"எல்லாம் இருக்குது" என்றார். "பரவாயில்லை விடு."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தங்காயி பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் மாட்டைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொன்னார். மெஷினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வெயில் சாய்ந்தது. மொபெட் இருந்த இடத்தில் இருந்தது. தூக்குப்போசி ஆணியில் தொங்கியது. தங்காயி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள், அவர் எழுந்திருப்பார் என்று பார்த்தாள், அவர் எழுந்திருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் கடை டீ படாத முதல் சாயங்காலம் அது. மறுநாளும் அவர் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. போட்ட சோற்றைத் தின்றார், கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். இந்த மனுசன் இனி எனக்கு இல்லையோ என்று ஒரு பயம் தங்காயிக்கு அடிவயிற்றில் புரண்டது. அங்கே எரிச்சலைத் தவிர வேறு எதுவும் இருந்து அவளுக்குப் பழக்கம் இல்லை.

அம்சவேணி வந்தாள். சிரிப்பதற்குத்தான் வருகிறாள் என்று தங்காயி இடுப்பில் முந்தானையைச் செருகினாள். அம்சவேணி தன்னைப் போலவே இருந்த மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக வந்தாள்.

"சட்டியில ஒண்ணும் போடாமயே எடுத்துட்டு வந்துட்டீங்களாக்கா?"

"ஆமாண்டி, திருடித்தான் எடுத்தேன்! வயிறெரிஞ்சு எடுத்தேன்! போயி ஊரக் கூட்டிச் சொல்லு!"

"அதுக்கில்லைக்கா. நாலு பேரு சக்கை அதுல கலந்தாத்தான் நாலு பேருக்கு ஆவறாப்பல எந்திரிக்கும். ஒண்ணுமே போடலையின்னா உள்ள நீங்க மட்டுந்தான இருப்பீங்க." கொஞ்சம் தயங்கினாள். "எங்கூட வாங்க. ஒண்ணு காட்டறேன்."

"எங்க? உன் தங்கத்தைக் காட்டப் போறியா?"

அம்சவேணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சுவருக்கு அந்தப் பக்கம், மூலையில், நீலத் தார்ப்பாயைத் தூக்கினாள்.

உள்ளே தூக்குப்போசிகள். திப்பியில் எழுந்த தூக்குப்போசிகள், சுவரடியிலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாக. எல்லாம் ஒரே பக்கம் நசுங்கியிருந்தன. எல்லாவற்றின் மேலும் பொருந்தாத ஒரு மூடி உட்கார்ந்திருந்தது.

தங்காயிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்தபின் நம்பவில்லை.

"இது எங்கூட்டுப் போசியில்ல?"

"தெனமும் காலையில மொதல்ல எந்திரிக்கறது இதுதாங்க்கா. செருப்பு எந்திரிச்சதுக்கு முந்தியே இதுதான் எந்திரிச்சுது, இதே சுவத்தோரத்துல. நீங்க அந்தப் பக்கம் ஊத்தற டீ இங்க வந்துதான் ஊறும். ஆரும் பாக்கறதுக்கு முன்னால ஒண்ண நொறுக்கிச் சட்டியில போட்டுருவேன். அதுதான் உறை. வேற உறையெல்லாம் எங்கிட்ட இல்ல."

"இந்த நசுங்கின போசிக்கா நீ..."

"மாமாவை நான் தப்பா ஒண்ணும் நெனைக்கலீங்க, சாமி சத்தியமா. அந்தப் போசியத்தான்." அம்சவேணியின் குரல் உடைந்தது. "இவரு இந்தூர்லருந்து போன் பண்ணுவாரு. டீ குடிச்சியான்னு கேப்பாரு. குடிச்சேன்னு சொல்லுவேன், வெச்சிருவாரு. நான் இந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் நிப்பேன். மொபெட்டு சத்தம் கேக்கும். ஆறிப்போச்சு, பச்சத்தண்ணின்னு நீங்க திட்டுவீங்க, அவரு சிரிப்பாரு. பாதியக் கீழ வேற ஊத்துவீங்க. எனக்கு வயிறு பத்தி எரியுங்க்கா. எத்தனை பெரிய மாடி கட்டி என்ன, நசுங்கின போசியில ஆறின டீய வாங்கியாந்து குடுக்க எனக்கு ஆரு இருக்கா? நீங்க பாவி! உங்களுக்கு அதோட அருமை தெரியவே தெரியாது!"

தங்காயிக்கு உள்ளே ஜில்லென்று ஒரு சந்தோஷம் பரவியது, உண்மையைச் சொல்ல வேண்டும், அழுகிறவளைப் பார்த்து இரக்கம் வரவில்லை, சந்தோஷம்தான் முதலில் வந்தது. மாடியும் காரும் கிணறும் வைத்திருப்பவள் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள்! ஊரே கும்பிட்டு வாங்கிப்போன உறை, என் போசி! பிறகு வீட்டு ஆணியில் சும்மா தொங்கும் போசி ஞாபகம் வந்தது, சந்தோஷம் வந்த வேகத்தில் வடிந்தது. சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவள் தன் வீட்டை முதல்முறையாகப் பார்த்தாள். அங்கே ஒருத்தி இருந்தாள், அவளுக்கு ஒரு மனுசன் டீ வாங்கி வந்துகொண்டிருந்தான், அவள் அதைப் பாதி குடித்துப் பாதி கொட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பொம்பளையைப் பார்த்துத் தங்காயிக்குப் பொறாமையாக இருந்தது. அவள் வாழ்நாளில் இத்தனை பெரிய பொறாமை பட்டதில்லை.

அம்சவேணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு போசியை நொறுக்கி, தன் கையாலேயே ஒரு கைப்பிடி கொடுத்தாள். வெறுங்கையோடு வாங்கக் கூடாதே என்று தங்காயி சுற்றும் முற்றும் பார்த்தாள், எதுவும் இல்லை. தலையிலிருந்த வாடின பூவை எடுத்துச் சட்டியில் போட்டாள். வாங்கிய உறையைக் கொண்டுபோய்த் தன் களத்தின் நடுவில் வைத்துத் தண்ணீர் தெளித்தாள்.

மறுநாள் விடிந்தபோது தங்காயி களத்தில் கார் இல்லை, படிக்கட்டு இல்லை, மூன்று அம்சவேணிகளும் இல்லை, எல்லாம் உதிர்ந்து வெறும் திப்பியாகக் கணுக்கால் உயரத்துக்குப் பரவிக் கிடந்தது. நடுவில் ஒன்றே ஒன்று எழுந்து நின்றது. அர்த்தனாரி பலகையோடு களத்தில் இறங்கியவர் அதைப் பார்த்து நின்றுவிட்டார். குனிந்து எடுத்தார். நசுங்கிய பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார், பொருந்தாத மூடியைத் திறந்து மூடினார். தங்காயி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நம்ம போசியாட்டம் இருக்குது?" என்றார்.

"ஆமாங்க."

"இதுக்கெதுக்குப் புள்ள வயிறெரியோணும்? இதுதான் நம்மகிட்டவே இருக்குதே."

"அது எனக்கு இப்பத்தாங்க தெரியும்" என்றாள் தங்காயி, சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

வெயில் சாய்ந்தது. மொபெட் உதைபடுகிற சத்தம் கேட்டது. முதல் உதையில் கிளம்பவில்லை, தங்காயிக்கு உயிர் போய் வந்தது, பிறகு கிளம்பியது. அவள் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருசத்தில் அவள் அவருக்காகக் காத்திருந்ததில்லை. அவர் யாரிடம் நின்று பேசிக்கொண்டிருப்பார், யாருடைய மாட்டைப் பற்றி இத்தனை நேரம் விசாரிப்பார் என்று, வழியில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவர் மேலும் அவளுக்குப் பொறாமையாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கொலுசுச் சத்தம் கேட்டது, வந்து சுவரோரம் நின்றது. நிற்கட்டும் என்று தங்காயி நினைத்தாள்.

அர்த்தனாரி வந்தார். போசியைத் திறந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

"ஆறிப்போச்சா?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"சூடா இருக்குதுங்க!" என்றாள் தங்காயி, அவருக்குக் கேட்கத் தேவையானதைவிட ரொம்பச் சத்தமாக. "நல்லாக் கொதிக்கக் கொதிக்க இருக்குது!"

டீ எப்போதும்போல் பச்சைத்தண்ணியாகத்தான் இருந்தது. அவள் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். டம்ளரின் அடியில் கடைசி ஒரு வாய் இருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, நாளைக்கு ஊரில் யாருக்காவது செருப்பு வேண்டியிருக்கும், தட்டு வேண்டியிருக்கும். கொடுக்க மனசே இல்லாமல் எழுந்துபோய், அந்த ஒரு வாயைச் சுவரடியில் ஊற்றினாள்.

அந்தப் பக்கம் அம்சவேணி பெருமூச்சு விட்டாள். அது காதில் விழுந்ததும் நாக்கில் மிச்சமிருந்த டீ இன்னும் கொஞ்சம் இனித்தது.